கரண்டி யார் கையில்?

மாலை நேரம்.

சென்னை கடற்கரையில் இருந்து புறப்பட்ட மின்சார ரெயில் தாம்பரத்தைத் தாண்டுகிறது. வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று நின்று நின்று போகிறது. அடுத்த நிலையம் காட்டாங்குளத்தூர்.

பெண்கள் பெட்டியில் கூட்டம். ஜன்னல் ஓரத்தில் இருப்பவள் செல்போனில் காதல் கதை படிக்கிறாள். கதாநாயகனும் கதாநாயகியும் சண்டை போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் இடம். அவர்கள் எப்போது பேசுவார்கள்? அவளுக்கு அதுதான் கவலை.

அதற்குள் நிலையம் வந்துவிடுகிறது. கதையை மூடுகிறாள். உடனே வேறு கவலை பிடித்துக்கொள்கிறது.

“இன்று இரவுக்கு என்ன சமைப்பது?”

காதல் கதைக்கும் அடுப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. கடல் கடந்த இத்தாலியிலும் உண்டு. தமிழ்நாட்டிலும் உண்டு.

காட்டாங்குளத்தூரில் இத்தாலி

செங்கல்பட்டு மாவட்டத்தில், பெரிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது காட்டாங்குளத்தூர். இங்கே 1985-ம் ஆண்டு ஒரு என்ஜினீயரிங் கல்லூரி தொடங்கப்பட்டது. அதுதான் இன்று எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. பல மாநிலங்களில் இருந்தும் பிள்ளைகள் இங்கே படிக்க வருகிறார்கள்.

பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் நாக்குக்கு ஏற்ற கடைகளும் வந்தன. இட்லிக்கடையும் பரோட்டாக்கடையும் உள்ள சாலையில் பீட்சாவும் பாஸ்தாவும் விற்கிறார்கள்.

“இது என்ன சாப்பாடு?” என்று முகம் சுளித்த பாட்டிகள் உண்டு. ஆனால், சற்று உற்றுப் பார்த்தால் அது பழக்கப்பட்ட சங்கதிதான்.

பாஸ்தா என்பது கெட்டியான கோதுமை ரவையைப் பிசைந்து செய்வது. இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். உப்புத் தண்ணீரில் வேகவைத்து வடிக்க வேண்டும். குழைந்துவிடக் கூடாது. பல்லில் லேசாகக் கடிபட வேண்டும். வடித்த கஞ்சியை இத்தாலிக்காரர்கள் முழுவதும் கொட்டிவிடுவதில்லை. ஒரு கரண்டி எடுத்துத் தக்காளிக் குழம்பில் ஊற்றுகிறார்கள். குழம்பு பாஸ்தாவோடு ஒட்டிக்கொள்வதற்கு அதுதான் வழி.

பீட்சா மாவைப் பிசைந்து புளிக்க வைக்கிறார்கள். தோசை மாவு பொங்குவதைப் போல அதுவும் பொங்குகிறது. வட இத்தாலியில் ‘பொலெந்தா’ என்று ஒன்று உண்டு. அது வேறு ஒன்றும் அல்ல. மக்காச்சோளக் களி!

தக்காளி இத்தாலியில் பிறந்ததா? இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 16-ம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தது. மிளகாயும் அங்கே பிறந்ததுதான். போர்ச்சுகீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு தமிழ்நாட்டுக் குழம்பில் காரம் சேர்த்தது மிளகு.

ஆகவே, சமையலில் ‘உன்னுடையது, என்னுடையது’ என்ற வழக்கே செல்லாது. இத்தாலிக்காரர் தக்காளியைச் சொந்தமாக்கிக்கொண்டார். தமிழர் மிளகாயைச் சொந்தமாக்கிக்கொண்டார்.

2025-ம் ஆண்டு டிசம்பர் மாதம் யுனெஸ்கோ சபையின் கூட்டம் டெல்லியில் நடந்தது. உலக மக்களின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் இத்தாலியச் சமையலை அந்தக் கூட்டத்தில் சேர்த்தார்கள். அதே கூட்டத்தில் சேர்க்கப்பட்ட மற்றொன்று எது தெரியுமா? தீபாவளி!

சமைத்தவன் ஒருவன், பெயர் எடுத்தவன் ஒருவன்

இத்தாலியச் சாப்பாட்டைச் சுற்றி மேல்நாட்டில் எத்தனையோ காதல் நாவல்கள் வருகின்றன. பெரிய குடும்பம், சிறிய ஓட்டல், கோபக்காரப் பாட்டி, கொதிக்கும் குழம்பு, அதன் நடுவே ஒரு காதல். இவைதான் அந்தக் கதைகளின் சரக்கு.

ஆன்டனி கப்பெல்லா என்பவர் 2004-ம் ஆண்டு ஆங்கிலத்தில் ‘தி புட் ஆப் லவ்’ என்ற நாவலை எழுதினார். கதை ரோம் நகரில் நடக்கிறது.

லாரா என்ற அமெரிக்கப் பெண் அங்கே படிக்க வருகிறாள். நன்றாகச் சமைப்பவனைக் காதலிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தொமாசோ என்ற அழகான வாலிபன் அவளிடம் மனதைப் பறிகொடுக்கிறான். “நான் ஒரு பெரிய சமையல் கலைஞன்” என்று அளந்துவிடுகிறான். உண்மையில் அவன் ஓட்டலில் சாப்பாடு பரிமாறுகிறவன்.

என்ன செய்வது? நண்பன் புரூனோவைக் கெஞ்சுகிறான். புரூனோ கூச்ச சுபாவம் உள்ளவன். ஆனால் கை மணக்கும் சமையல்காரன். அவன் மறைந்திருந்து சமைக்கிறான். தொமாசோ அதைத் தன் சமையல் என்று பரிமாறுகிறான். லாரா மயங்குகிறாள்.

இதில் சோகம் எது? புரூனோவும் அவளைக் காதலிக்கிறான். சொல்லத் தெரியாத காதலை எல்லாம் சாப்பாட்டில் சொல்கிறான். அவள் சுவைப்பது அவன் அன்பை. புகழ்வதோ மற்றவனை.

படிப்பவர்கள் நெஞ்சு பதைக்கிறது. “அடி பெண்ணே, சமைத்தவன் அவன் அல்ல. அடுப்படியில் போய்ப் பார்!” என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்தக் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சாப்பாட்டைச் சுவைப்பது எளிது. சமைத்த கையை அடையாளம் காண்பது அரிது.

பக்கத்து ஊர்ப் புலவர்

இத்தகைய கதை தமிழர்களுக்குப் புதிது அல்ல.

மகாபாரதத்தில் நளன் கதை வருகிறது. அரசனான நளன் சூதாடி நாட்டை இழக்கிறான். காட்டில் மனைவி தமயந்தியைப் பிரிகிறான். உருவம் மாறி, வாகுகன் என்ற பெயரில் வேறொரு மன்னனிடம் வேலைக்குச் சேருகிறான். தேர் ஓட்டுவது, சமைப்பது, இரண்டும் அவன் வேலை.

ஒரு நாள் தமயந்தியின் ஊருக்கு அந்தத் தேரோட்டி வருகிறான். கறுத்துக் குறுகிய உருவம். பார்த்தவர் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தமயந்திக்குச் சந்தேகம். அவன் சமைத்த உணவைக் கொண்டுவரச் சொல்லி வாயில் வைத்துப் பார்க்கிறாள்.

கண் ஏமாந்தது. நாக்கு ஏமாறவில்லை. “இது என் கணவரின் கை” என்று அறிந்துகொள்கிறாள்.

‘நளபாகம்’ என்ற சொல் இன்றும் வழங்குகிறது. சிறந்த சமையலுக்குத் தமிழர்கள் வைத்த பெயர் ஒரு கணவனின் பெயர்!

அந்தக் கதையை நளவெண்பாவாகப் பாடியவர் புகழேந்திப் புலவர். அவருடைய ஊர் பொன்விளைந்த களத்தூர் என்பார்கள். அது எங்கே இருக்கிறது? காட்டாங்குளத்தூர் இருக்கும் அதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான்.

புகை படிந்த கண்கள்

இன்னும் பழைய காலத்துக்குப் போனால் குறுந்தொகையில் ஒரு காட்சி இருக்கிறது. பாடியவர் கூடலூர் கிழார்.

புதிதாகக் கல்யாணமான பெண். சமையல் பழக்கம் போதாது. கட்டித் தயிரை விரலால் பிசைகிறாள். கை கழுவ நேரம் இல்லை. சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை, மை தீட்டிய கண்களில் படிகிறது. ஒருவழியாகப் புளிக்குழம்பு தயார். கணவன் சாப்பிடுகிறான். “நன்றாக இருக்கிறது” என்று அவன் மகிழ்ந்து சொல்கிறான். அவ்வளவுதான். அவள் முகம் மெல்ல மலர்கிறது.

வளர்த்த தாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்ற தாயிடம் சொல்லும் செய்தி இது. மகள் நகை போட்டிருக்கிறாளா, வீடு பெரிதா என்று அவள் சொல்லவில்லை. ‘சமைத்தாள்; அவன் பாராட்டினான்; அவள் மலர்ந்தாள்’ என்று சொல்கிறாள். பெற்றவளுக்கு அது போதும்.

சிலப்பதிகாரத்தில் மதுரை ஆயர்பாடிக்கு வந்த கண்ணகி, மாதரி வீட்டில் கோவலனுக்குச் சமைத்துப் போடுகிறாள். செல்வ வீட்டுப் பெண். வாழை இலை விரித்துப் பரிமாறுகிறாள். சாப்பிட்டு எழுந்த கோவலன் தான் செய்த தவறுகளை எண்ணி வருந்திப் பேசுகிறான். பிறகு சிலம்பை எடுத்துக்கொண்டு போகிறான். போனவன் திரும்பவில்லை.

அன்புச் சொல் பேச அவனுக்கு வாய்த்த கடைசி நேரம் அதுதான். பாராட்டை நாளைக்கு என்று தள்ளிப் போடுகிறவர்கள் இந்தக் காட்சியை நினைத்துக்கொள்வது நல்லது.

எழுதத் தெரியாதவர் எழுதிய நாவல்கள்

குடும்பமும் காதலும் கலந்த கதைகள் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு ஒரு பெரிய உபகாரம் செய்திருக்கின்றன. அவற்றைப் படிப்பதற்காகவே பலர் எழுத்துக்கூட்டக் கற்றார்கள்.

வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901-ம் ஆண்டு பிறந்தவர். ஆறு வயது ஆகும் முன்பே கல்யாணம் நடந்துவிட்டது. கதை சொல்வதில் வல்லவர். ஆனால், எழுதப் பழகவில்லை. முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு, தானே எழுதக் கற்றார். ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று நடத்தினார். 1960-ம் ஆண்டு மறைவதற்குள் நூற்றுக்கும் அதிகமான நாவல்களை எழுதி முடித்தார்.

அடுத்து ‘லட்சுமி’ வந்தார். டாக்டர் திரிபுரசுந்தரி என்பது அவருடைய இயற்பெயர். மருத்துவம் படித்தபோதே கதை எழுதிச் செலவைச் சமாளித்தவர். 1984-ம் ஆண்டு சாகித்ய அகாடமி பரிசு பெற்றார். பின்னர் ரமணிசந்திரன் எழுதிய காதல் நாவல்கள் 150-க்கு மேல். வாடகை நூல் நிலையங்களில் அவற்றுக்குப் போட்டியே நடந்தது.

“கதை படித்துப் பெண்கள் கெட்டுப்போகிறார்கள்” என்று சொன்னவர்கள் உண்டு. நடந்தது வேறு. கதை படித்த பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். பத்திரிகை படித்தாள். கடிதம் எழுதினாள். உலகம் அவள் வீட்டுக்குள் வந்தது.

ஆனால், ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும்.

பெரும்பாலான குடும்பக் கதைகளில் கரண்டி கதாநாயகியின் கையைவிட்டு இறங்குவதே இல்லை. அவள் டாக்டராக இருந்தாலும் சரி, என்ஜினீயராக இருந்தாலும் சரி, மாமியார் மனம் மாறுவது அவள் வைத்த குழம்பில்தான். கணவன் கோபம் தணிவது அவள் போட்ட காபியில்தான். அவன் என்றாவது அடுப்படிக்கு வந்தால், அவளைச் சீண்டுவதற்காக வருகிறான். சமைப்பதற்காக வருவதில்லை!

இரண்டு புத்தகங்கள்

சமைத்த கைக்கு மதிப்புக் கொடுத்த இரண்டு புத்தகங்களை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

ஒன்று இத்தாலியில் வந்தது. பெல்லெக்ரினோ அர்த்தூசி என்பவர் ஒரு வியாபாரி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். 1891-ம் ஆண்டு, தம் 71-வது வயதில், சொந்தப் பணம் போட்டு ஒரு சமையல் புத்தகம் அச்சிட்டார். அதில் இருந்தவை 475 சமையல் குறிப்புகள். வீட்டுப் பெண்கள் கடிதம் எழுதித் தங்கள் குறிப்புகளை அனுப்பினார்கள். பதிப்புக்குப் பதிப்பு புத்தகம் பருத்தது. கடைசியில் 790 குறிப்புகள் ஆயின. இத்தாலியில் வீடு தவறாமல் இருக்கும் புத்தகம் ஆயிற்று.

அவர் எழுதியவற்றை அடுப்பில் வைத்துச் சோதித்தவர்கள் வீட்டில் வேலை செய்த இருவர். பிரான்செஸ்கோ என்ற ஆண், மரியெத்தா என்ற பெண். ஒரு கேக்குக்கு மரியெத்தாவின் பெயரையே அவர் வைத்தார். 1911-ம் ஆண்டு அவர் இறந்தபோது, புத்தகத்தின் உரிமையை அந்த இருவருக்கும் எழுதி வைத்திருந்தார்.

மற்றொன்று தமிழ்நாட்டில் வந்தது. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’. 1951-ம் ஆண்டு வெளிவந்தது. மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். குடும்பத்தைத் தாங்கியவர். சமையல் குறிப்பு கேட்டு உறவினர் எழுதிய கடிதங்கள் குவியவே, அந்தக் கை அனுபவம் புத்தகம் ஆயிற்று. புதிதாகக் கல்யாணமாகிப் போகும் பெண்ணின் பெட்டியில் அந்தப் புத்தகத்தை வைத்து அனுப்பும் வழக்கம் பல வீடுகளில் ஏற்பட்டது. கடல் கடந்து போன பெண்களும் அதைக் கையோடு கொண்டுபோனார்கள்.

பெண்ணின் பெட்டியில் வைத்தார்கள். மாப்பிள்ளையின் பெட்டியில் யாராவது வைத்தார்களா?

கணக்கு சொல்லும் உண்மை

பெண் பார்க்க வருகிறார்கள். “பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா?” என்று கேட்கிறார்கள். “பையனுக்குச் சமைக்கத் தெரியுமா?” என்று பெண் வீட்டார் திருப்பிக் கேட்டால் என்ன ஆகும்? தட்டில் வைத்த பஜ்ஜியைத் தொடாமல் எழுந்துவிடுவார்கள்!

மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசு 2019-ம் ஆண்டு கணக்கு எடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 100-க்கு 81 பேர். ஆண்களில் 100-க்கு 26 பேர். அப்படி ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் உழைத்தார்கள். ஆண்கள் 97 நிமிடம்.

2024-ம் ஆண்டில் மறுபடியும் கணக்கு எடுத்தார்கள். பெண்களுக்கு 289 நிமிடம். ஆண்களுக்கு 88 நிமிடம். ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்குக் கிடைத்த ஓய்வு பத்தே நிமிடம்.

289 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அலுவலகத்தில் எட்டு மணி, ரெயிலில் இரண்டு மணி, அதற்கு மேல் இந்த ஐந்து மணி என்றால், அந்தப் பெண் எப்போது தூங்குவாள்? எப்போது காதல் கதை படிப்பாள்?

“மனைவி மேல் எனக்கு உயிர்” என்று சொல்லும் கணவர்கள் உண்டு. உயிர் வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாடு போதும்.

ஒரு புதிய கதை

இத்தாலிச் சமையலையும் காதலையும் வைத்துத் தமிழில் ஒரு கதை எழுத வேண்டும் என்றால் ரோம் நகரத்துக்குப் போக வேண்டியதில்லை. காட்டாங்குளத்தூரிலேயே எழுதலாம். இப்படி இருக்கலாம்:

ஓர் இளைஞன். படிக்கும் காலத்தில் நண்பர்களோடு வாடகை அறையில் இருந்தவன். ஓட்டல் சாப்பாடு சலித்துப் போய்ச் சமைக்கக் கற்றான். தக்காளியும் பூண்டும் போட்டுப் பாஸ்தா செய்வதில் கெட்டிக்காரன். படிப்பு முடிந்தது. வேலை கிடைத்தது. உடன் படித்தவளையே இரு வீட்டார் சம்மதத்தோடு கல்யாணமும் செய்துகொண்டான்.

ஒரு நாள் மழை. மனைவி வரும் ரெயில் தாமதம். அவன் முன்னதாக வீடு திரும்பி அடுப்பைப் பற்றவைக்கிறான்.

அம்மா பார்க்கிறாள். “இது என்னடா கூத்து? வீட்டில் இரண்டு பெண்கள் இருக்கும்போது நீ கரண்டி பிடிப்பதா?” என்று சத்தம் போடுகிறாள்.

அவன் பதில் பேசவில்லை. வெந்ததை வடிக்கிறான். ஒரு கரண்டிக் கஞ்சியைத் தக்காளிக் குழம்பில் ஊற்றுகிறான். கிளறுகிறான். முதல் தட்டை எடுத்து அம்மாவின் முன்னால் வைக்கிறான்.

“ஆறுவதற்குள் சாப்பிடும்மா.”

அம்மா தட்டைப் பார்க்கிறாள். ஆவி பறக்கிறது. முப்பது வருஷமாக அந்த வீட்டில் அவள்தான் சமைத்தாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, ஆறிப் போனதைச் சாப்பிட்டாள். ஒரு நாளாவது அவளுக்குச் சுடச்சுட யாரும் வைத்தது இல்லை.

ஒரு வாய் சாப்பிடுகிறாள். கண் கலங்குகிறது. “காரம் போதவில்லை” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

மருமகள் நனைந்து வந்து வாசலில் நிற்கிறாள். மாமியார் குரல் கொடுக்கிறாள்: “தலையைத் துவட்டிக்கொண்டு வாம்மா. உன் புருஷன் ஏதோ செய்திருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது.”

கதையில் வில்லன் இல்லை. கொலை இல்லை. ஆனால், காதல் இருக்கிறது. குடும்பம் இருக்கிறது. இத்தாலிச் சமையலும் இருக்கிறது.

இப்படிப்பட்ட கதைகளை எழுத்தாளர்கள் எழுதட்டும். பத்திரிகைகள் வெளியிடட்டும். கதையில் கண்டதைத்தான் பிள்ளைகள் வாழ்க்கையிலும் செய்து பார்க்கிறார்கள். கதாநாயகன் முடி வெட்டியதைப் பார்த்து முடி வெட்டிக்கொள்கிற வாலிபன், அவன் கரண்டி பிடிப்பதைப் பார்த்தால் கரண்டியும் பிடிப்பான்.

அதுவரை வீடுகளில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இட்லியோ, உப்புமாவோ, பாஸ்தாவோ எதுவானாலும் சரி. சமைத்தவரை ஒரு வார்த்தை பாராட்டிவிட்டு, அடுத்த வேளைக்குக் கணவன் கரண்டியை வாங்கிக்கொள்ளட்டும்.

நளன் அரசன். அவனே சமைத்தான். அதனால் அவன் மகுடம் குறையவில்லை. பிரிந்து போன மனைவி அவனுக்குத் திரும்பக் கிடைத்தாள்!